மூன்று படி இறங்கிச் சொன்ன ‘நோ’

1. மஸ்ட்

நான் வேலையில் சேர்ந்த முதல் நாள், காலை பத்து மணிக்குள் எங்கள் பட்டுக்கடையிலிருந்து பதினோரு வெள்ளைக்காரர்கள் ஓடிவிட்டார்கள்.

பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வரும் டூரிஸ்ட் பஸ் எங்கள் கடைக்கு நேர் எதிரே நிற்கும். இறங்குகிறவர்களைக் கடைக்குள் அழைக்கும் பொறுப்பு ரங்கய்யாவுடையது. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கடைவாசலில் இங்கிலீஷ் என்று மூன்றும் பேசுவதாக அவருக்கு நினைப்பு. அன்று வாசலின் மூன்றாவது படியில் நின்று, கையைத் தடிபோல நீட்டி, “யூ மஸ்ட் கம் இன்!” என்று முழங்கினார். நான்கு பேர் பயந்துபோய் ஏறினார்கள். “யூ மஸ்ட் சிட் டவுன்!” என்றார். உட்கார்ந்தார்கள். மீதிப் பேரும் பின்னால் வந்தார்கள். விரிப்பின்மேல் செருப்புக் காலோடு அவர்கள் நிற்பதைப் பார்த்ததும் ரங்கய்யாவுக்குப் பதற்றம் வந்துவிட்டது. எதை என்று சொல்லாமல், ஒரு வயதான அம்மாளைப் பார்த்து, “யூ மஸ்ட் டேக் ஆஃப்! டேக் ஆஃப்!” என்று கத்தினார். அந்த அம்மாள் தன் கவுனின் மேல் பொத்தானை இறுகப் பிடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தார். மற்றவர்கள் அவர் பின்னால்.

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியாம்மா? இதுக்குத்தான் உன்ன கூப்ட்டேன். மூணு மாசம் கெடு. இவங்க ரெண்டு பேரும் வாயத் தொறந்தா ஆளுங்க உள்ள வரணும். வெளிய ஓடக் கூடாது. அதுக்குள்ள ஆவலன்னா உன் வழிய நீ பாத்துக்கோ.”

இரண்டு பேர் என்றால் ரங்கய்யாவும் ஏகாம்பரமும். ஏகாம்பரம் மூத்த விற்பனையாளர். தமிழில் அவரை அடிக்க ஆளில்லை. ஒன்றும் வாங்காமல் போக வந்தவர்களுக்கு மூன்று புடவை விற்றுவிடுவார். இங்கிலீஷ் என்றால் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே நிற்பார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தட்டச்சில் லோயர் தேறியிருந்தேன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கமாக எழுத வேறு ஆள் கிடைப்பார்கள். என் இங்கிலீஷில் பாதி பள்ளிக்கூடம் தந்தது. மீதி, பழைய பேப்பர் கடையில் எடுத்த அட்டையில்லாத இலக்கணப் புத்தகம் தந்தது. அதில் முதல் பதினாறு பக்கம் கிழிந்துபோயிருந்தது. அதனால் அந்தப் பக்கங்களில் என்ன இருந்திருக்கும் என்பது எனக்கு இன்றும் தெரியாது. பதினேழாம் பக்கத்தில் தொடங்கும் கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு.

இந்த மூன்று மாதக் கெடுவில் என் வேலை மட்டும் அடங்கியிருக்கவில்லை. என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுகிறவர், நெசவாளர். குழித்தறியில் அவர் உட்கார்ந்து நெய்ய, அம்மா பக்கத்தில் இருந்து கரைக்கு நாடா போடுவார், அதாவது ஊடுநூல் கட்டையை எறிந்து கொடுப்பார். ஆரணியில் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பத்திலிருந்து எனக்கு வரன் வந்திருந்தது. தரகர் வாராவாரம் வந்து நிற்பார். நைனாவுக்கு யாரையும் முகத்துக்கு நேரே மறுக்க வராது. “ஆவட்டும் பாக்கலாம், ஒரு மூணு மாசம் போவட்டும்” என்பார். வேலை நிலைத்தால் நான் காஞ்சிபுரத்தில் கடைக்குப் போய்வருவேன். நிலைக்காவிட்டால் ஆரணியில் கரைக்கு நாடா போடுவேன். மாப்பிள்ளையின் மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. அவரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர்கள் சொல்லியனுப்பிய முதல் நிபந்தனை, “கட்டிக் குடுத்தப்புறம் பொண்ணு வேலைக்குப் போவக் கூடாது” என்பது.

2. மடிக்கும்போது நடந்த வகுப்பு

வகுப்புக்கென்று தனி நேரம் தர முடியாது என்று முதலாளி முதலிலேயே சொல்லிவிட்டார். ஆகவே புடவை மடிக்கும் நேரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

முந்தின நாள் பிரித்துக் காட்டிய புடவைகளை மறுநாள் காலை திரும்ப மடித்து அடுக்குவதுதான் பட்டுக்கடையில் முதல் வேலை. ஒரு புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து, உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். பிறகு பின்னால் போய் மறுபடி வர வேண்டும். இதில் ரங்கய்யாவை வாடிக்கையாளராகவும் ஏகாம்பரத்தை விற்பனையாளராகவும் வைத்தேன். ரங்கய்யா அந்த முனையில் கேள்வி கேட்டபடி நடந்து வருவார். முனைகள் சேரும்போது ஏகாம்பரத்தின் வாயில் பதில் இருக்க வேண்டும். இருவருக்கும் ஆங்கில எழுத்து வராது. வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே அட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டேன். அதே வழக்கத்தில்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

“அண்ணா, ‘உக்காரு’ன்னு சொல்றதுக்கும் ‘உக்காருங்க’ன்னு சொல்றதுக்கும் இன்னா வித்தியாசம்?” என்று கேட்டேன்.

“ஒரு ‘ங்க’தான் டீச்சரம்மா” என்றார் ஏகாம்பரம்.

“இங்கிலீஷ்ல அந்த ‘ங்க’ கடைசியில வராது. முன்னாடியே வந்து நிக்கும். ‘குட் யூ’, ‘வுட் யூ லைக் டு’. அதுதான் அவங்க ஊரு ‘ங்க’.”

“அப்ப நம்ம ரங்கய்யாவோட மஸ்ட்டு?”

“அது போலீஸ்காரர் பேசறது.”

“அய்யோ ராமா!” என்று ரங்கய்யா புடவை முனையை விட்டுவிட்டார். “ஸ்டேஷன் போர்டுல இருக்குறத ஒருத்தரு படிச்சுக் காட்டினாரேன்னு கத்துக்கினேன். நாலு வருஷமா நானு போலீஸ்காரனாவா நின்னுக்கினு இருந்தேன்?”

அடுத்தது வால் சொற்கள். ஒரே ‘டேக்’குக்குப் பின்னால் ஆஃப் வந்தால் ஒரு வேலை, அவுட் வந்தால் வேறு வேலை, பேக் வந்தால் இன்னொரு வேலை.

“இந்த டேக்கு இத்தன பேரோட குடும்பம் நடத்துதே, எப்படிதான் ஞாபகம் வெச்சுக்கறது?” என்று ஏகாம்பரம் சலித்துக்கொண்டார்.

ஞாபகம் வைக்க வேண்டாம், கையை வைத்தால் போதும் என்றேன். ‘டேக் ஆஃப்’ என்றால் கை செருப்பைக் காட்டும். ‘டேக் அவுட்’ என்றால் கை அலமாரிக்குப் போகும். ‘ட்ரை ஆன்’ என்றால் முந்தானை தோளுக்கு ஏறும். ‘புட் பேக்’ என்றால் புடவை பழைய இடத்துக்குத் திரும்பும். கை போகிற இடத்துக்கு வாய் தானாகப் போனது. முன்னால் ‘குட்’, பின்னால் ‘அவுட்’, நடுவில் சின்ன வினைச்சொல். ஒரு மாதத்தில் ரங்கய்யா மூன்றாவது படியில் நின்று, “வுட் யூ லைக் டு கம் இன், மேடம்? குட் யூ டேக் ஆஃப் யுவர் ஷூஸ், ப்ளீஸ்?” என்று குழைந்தார். எதைக் கழற்ற வேண்டும் என்பதைச் சேர்த்தே சொன்னார். ஆட்கள் உள்ளே வந்தார்கள். உட்கார்ந்தார்கள். வாங்கவும் செய்தார்கள்.

அதுவரை விரிப்பில் உட்கார்ந்திருந்த எனக்கு முதலாளி ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார்.

3. லட்சுமிக்கு இங்கிலீஷ் தெரியாதா?

இரண்டாம் மாதம் ஒரு காலை. மடிப்பு நடக்கிறது. ரங்கய்யா, நீலத்தில் கிடைக்குமா என்று கேட்டபடி நடந்து வந்தார். நான் முந்தின நாள் கற்றுக்கொடுத்த வாக்கியத்தை ஏகாம்பரம் கம்பீரமாகச் சொன்னார்: “நோ, மேடம். வீ ஹாவ் ரன் அவுட்.”

சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்த முதலாளி தூபக்காலோடு ஓடிவந்தார்.

“இப்ப இன்னா சொன்னே?”

“சரக்கு தீந்துபோச்சுன்னு இங்கிலீஷ்ல, முதலாளி.”

“சாம்பிராணி போட்டுக்கினு இருக்குறேன், தீந்துபோச்சுன்றியே! நோவாம், நோ!”

“ஐயா, இங்கிலீஷ்லதானே சொன்னாங்க” என்றேன் நான்.

“ஏம்மா அம்சா, லட்சுமிக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு எந்த ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க?”

எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் ‘இல்லை’ என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சரக்கு இல்லாவிட்டால் ‘வரணும்’ என்பார்கள். வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட அம்மா ‘அரிசி வாங்கணும்’ என்றுதான் சொல்வார். அந்தச் சொல் காதில் விழுந்தால் லட்சுமி கிளம்பிவிடுவாள் என்று நம்பிக்கை. கேட்கிறவர்களுக்கும் இது தெரியும். ‘வரணும்’ என்று காதில் விழுந்ததும் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவார்கள். யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

நான் அன்று மாலையே உட்கார்ந்து ‘நோ’, ‘நாட்’ எதுவும் வராத பன்னிரண்டு வாக்கியங்களை எழுதினேன். முதல் வாக்கியம், ‘இட் ஷுட் கம் இன் பை ஃப்ரைடே’. வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும் என்று பொருள். இரண்டாவது, ‘இட் மைட் டர்ன் அப் டுமாரோ’. நாளைக்குக் கிடைத்தாலும் கிடைக்கும். மூன்றாவது, ‘வீ குட் லுக் ஃபார் இட்’. தேடிப் பார்க்கலாம். இப்படியே பன்னிரண்டு. எங்கள் ஊர் ‘வரணும்’ என்பதற்கு இங்கிலீஷில் பன்னிரண்டு உடை தைத்துவிட்டதாக எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

மறுநாள் முதலாளி அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இதுல எங்கயும் அந்த வார்த்தை வரலியே?”

“ஒரு எடத்துலயும் வராது ஐயா.”

“படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்” என்றார். அந்த ஒரு வரியை வீட்டில் நான் நான்கு முறை சொன்னேன்.

4. வெள்ளிக்கிழமை வந்தது

மிஸஸ் பார்லோ முதன்முதலில் வந்தது மூன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை. கணவர் மதராஸில் இன்ஜினியர். வேலை முடிந்து இருவரும் ஊருக்குக் கப்பலேறப் போகிறார்கள். கப்பலில் ஒரு விருந்து நாளுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொள்வதாகச் சிநேகிதிகளிடம் சொல்லிவிட்டாராம். அவருக்கு ஜரிகை பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். ஆகவே கிளிப்பச்சை உடலுக்கு அரக்குக் கரை, ஜரிகை ஓர் இழைகூட இருக்கக் கூடாது.

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் வந்து ஜரிகையில்லாத கரை கேட்பது, மிட்டாய்க் கடையில் சர்க்கரை போடாத லட்டு கேட்பது மாதிரி. எங்கள் அலமாரியில் அப்படி ஒன்று இருந்ததே கிடையாது.

ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்தார். கையைப் பின்னால் கட்டி, தலையை லேசாகச் சாய்த்து, “இட் ஷுட் கம் இன் பை ஃப்ரைடே, மேடம்” என்றார். ஒரு எழுத்து பிசகவில்லை. நான் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மிஸஸ் பார்லோ கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குறிப்பேட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் ‘வரணும்’ என்று சொன்னால் யாரும் எழுதிக்கொள்வதில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடைவாசலில் கார் வந்து நின்றது. ஏகாம்பரம் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்தார்.

“டீச்சரம்மா! அந்தம்மா வந்துட்டாங்கமா! நெசமாவே வந்துட்டாங்க!”

“ஏண்ணா வந்தாங்க?”

“நாமதானே வெள்ளிக்கிழமைன்னு சொன்னோம்!”

“அதுக்காக வந்துடறதா?” என்று நானே கேட்டேன். அத்தனை படித்த நான்.

ஏகாம்பரம் வேறு வழியில்லாமல் இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிட்டார். “இட் மைட் டர்ன் அப் டுமாரோ, மேடம்.” மிஸஸ் பார்லோ அதையும் எழுதிக்கொண்டார். மதராஸுக்கும் எங்களுக்கும் நாற்பத்தைந்து மைல். போய்விட்டு மறுநாள் சனிக்கிழமை மறுபடி வந்தார். இந்த முறை தெர்மாஸ் ஃபிளாஸ்க்கும் ஒரு புத்தகமும் கொண்டுவந்திருந்தார். திங்கட்கிழமை கப்பல். இன்று கிடைத்தால் உண்டு என்றார். “ஐ கேன் வெயிட்” என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பில் அமர்ந்தார்.

5. முனிசிபாலிட்டி இடம்

கடையின் பின்கட்டில் முதலாளியும் நானும் நின்றோம்.

“மூணாவது வாக்கியத்த சொல்லச் சொல்லேன்” என்றார் அவர்.

“அது இன்னும் மோசம் ஐயா. ‘தேடிப் பாக்கலாம்’னு சொன்னா, ‘நானும் கூட வரேன்’னு கிளம்பிடுவாங்க.”

“நெய்து குடுக்க முடியுமா?”

“எங்க நைனாகிட்ட கேட்டுட்டேன். சாயம் போட்டு, பாவு ஏத்தி, ஒரு புடவை எறங்கவே பதினஞ்சு நாளாவும். நாளைக்கு அமாவாசை, ஒரு தறியும் ஓடாது.”

முதலாளி பெருமூச்சு விட்டார். தெர்மாஸைத் திறந்து அந்த அம்மாள் தேநீர் ஊற்றிக்கொள்வது தெரிந்தது. அவர் எங்களை முழுதாக நம்பி உட்கார்ந்திருந்தார். அவர் நம்பியது என் வாக்கியங்களை. இப்போது நான் போய் ‘நோ’ சொன்னால், முதலாளி மெச்சிய பன்னிரண்டும் பொய் என்று நானே முத்திரை குத்துகிற மாதிரி. கெடு முடியப் பதினோரு நாள்தான் பாக்கி.

“சொல்லிடலாம் ஐயா” என்றேன்.

“எத?”

“அந்த வார்த்தைய.”

“சனிக்கிழம! இன்னும் போணிகூட ஆவல! எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தக் கூரைக்குக் கீழ யாரும் சொன்னதில்...” என்று தொடங்கியவர், சட்டென்று நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டார்.

“கூரைக்குக் கீழதானே ஐயா சொல்லக் கூடாது? படி எறங்கிப் போயி சொன்னா?”

அவர் வாசலைப் பார்த்தார். மூன்று கருங்கல் படிகள், அதற்கப்பால் வெயில்.

“கீழ முனிசிபாலிட்டி இடம்” என்றார். “அங்க யார் இன்னா பேசினா எனக்கு இன்னா?”

நான் மிஸஸ் பார்லோவிடம் போய், “குட் யூ கம் அவுட் வித் மீ, மேடம்?” என்றேன். புடவை வெளியே எங்கோ வந்திருக்கிறது என்று நினைத்தார் போலும். முகம் மலர்ந்து செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். மூன்று படி இறங்கி, ஒரு சைக்கிளுக்கு வழிவிட்டு, வேப்பமர நிழலில் நின்றோம்.

“நோ, மேடம்” என்றேன். “அந்த மாதிரிப் புடவை எங்களிடம் இல்லை. திங்கட்கிழமையும் இல்லை. உங்கள் கப்பல் கிளம்புவதற்குள் வரவும் வராது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அந்த வாக்கியத்தை எழுதிக்கொடுத்தது நான்தான்.” எல்லாவற்றையும் இங்கிலீஷில்தான் சொன்னேன். எத்தனை தப்பு வந்ததோ, அன்று எண்ணவில்லை.

அவர் முகம் சிவந்தது. “யூ மைட் ஹாவ் டோல்ட் மீ ஆன் மண்டே” என்றார். என் புத்தகத்தில் ‘மைட்’ என்றால் சந்தேகம் என்று போட்டிருந்தது. அவர் குரலில் சந்தேகம் துளியும் இருக்கவில்லை. மனிதர்களைத் திட்டுவதற்கும் அந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள் என்பதை அந்த வேப்பமரத்தடியில் கற்றேன்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். எங்கள் கடைக்குள் அந்தச் சொல்லைச் சொல்லும் வழக்கம் இல்லை என்றேன். அப்படியானால் ஒரு பொருள் கிடைக்காது என்பதை உங்கள் ஊர்க்காரர்கள் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்றார்.

“தே கிவ் அப் அண்ட் கோ ஹோம், மேடம்” என்றேன்.

அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. குறிப்பேட்டைத் திறந்து எங்கள் கடையின் இரண்டு வரிகளையும் குறுக்கே அடித்தார். காரில் ஏறிப் போய்விட்டார். பிறகு அவர் வரவுமில்லை, ஒரு கடிதம் போடவுமில்லை.

நான் படியேறி வந்தேன்.

“வெறுங்கையோடவா போனாங்க?” என்றார் முதலாளி.

“ஆமாங்கையா.”

“கெடு முடிய எத்தினி நாளு?”

“பதினொண்ணு.”

அவர் மறுபடி சாம்பிராணி போடப் போனார்.

6. தாமலிலிருந்து வந்த அம்மாள்

அடுத்த வாரம் நடந்தது நான் எதிர்பாராதது. ஏகாம்பரத்துக்கு அந்தப் படி பிடித்துப்போயிற்று.

பக்கத்துத் தாமல் கிராமத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் மகன் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்தது. மாப்பிள்ளையின் தாயார் நடுவில் உட்கார்ந்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள். அவர் மாம்பழ மஞ்சளில் மயில் கரை கேட்டார். எங்களிடம் அது கிடையாது. வழக்கம்போல ‘வரணும்மா’ என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஏகாம்பரம் எழுந்து, கைகட்டி, “அம்மா, கொஞ்சம் வெளிய வரீங்களா?” என்றார்.

“இன்னாத்துக்கு? வெளிய போன்றியா?” என்று அந்த அம்மாள் பிடித்துக்கொண்டார். “காசு இல்லாதவங்கன்னு நெனச்சிக்கினியா?”

“அய்யய்யோ, அப்படி இல்...” என்று பாதியில் சொல்லை விழுங்கிவிட்டு ஏகாம்பரம் படியிறங்கி ஓடினார். அந்த அம்மாளும் சண்டைக்குப் பின்னாலேயே இறங்கினார். ஏழெட்டுப் பெண்களும் இறங்கினார்கள். வேப்பமரத்தடியில் ஏகாம்பரம் விஷயத்தைச் சொன்னார்.

“இவ்ளோதானா? இத உள்ள குந்திக்கினே சொல்றதுக்கு இன்னா?” என்று சொல்லிவிட்டு அவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு அந்தக் கூட்டம் முழுதும் திரும்பி வந்தது. தாயார் விரிப்பில் சரிந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

“இந்தத் தெருவுல ஒரு கடை பாக்கி வெக்கல. எங்க கேட்டாலும் வரணும், நாளைக்கு வருது, வண்டியில இருக்குது. இவரு ஒருத்தருதான் இல்லன்னா இல்லன்னு சொன்னாரு. அப்ப இருக்குதுன்னு சொன்னா இருக்குதுன்னுதானே அர்த்தம்? எடுத்துப் போடுபா.”

கடைக்குள், கூரைக்குக் கீழே, சாமி படத்துக்கு நேர் எதிரே, அவர் அந்தச் சொல்லை இரண்டு முறை முழுக்குரலில் சொல்லிவிட்டார். லட்சுமி கிளம்பிவிட்டாளோ என்று முதலாளி திடுக்கிட்டுச் சாமி விளக்கைப் பார்த்தார். நாங்கள் எல்லோருமே பார்த்தோம். விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

அன்று மாலைவரை அவர்கள் எடுத்ததை மடித்துக் கட்டுவதற்கே எங்களுக்கு நேரம் சரியாக இருந்தது.

7. கெடு

கெடு முடியும் நாள் காலை. ஏகாம்பரமும் ரங்கய்யாவும் ஓர் அரக்குப் புடவையைப் பிடித்துக்கொண்டு நடுவில் வந்துகொண்டிருந்தார்கள். முதலாளி சாமி கும்பிட்டு முடித்துத் திரும்பினார்.

“அம்சா, கொஞ்சம் வெளிய வாம்மா.”

புடவை அப்படியே நின்றது. வெளியே என்றால் என்ன என்பது அந்தக் கடையில் எங்கள் மூவருக்கும் தெரியும். ரங்கய்யா தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். ஏகாம்பரம் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

நான் முதல் படியில் இறங்கும்போது ஆரணி நினைவுக்கு வந்தது. இரண்டாம் படியில் என் ஸ்டூல். மூன்றாம் படியில், நேற்றே அட்டைகளைக் கழற்றி எடுத்து வைத்திருக்கலாமே, இவர்கள் முன்னால் கழற்ற வேண்டியிருக்குமே என்று தோன்றியது. முதலாளி வேப்பமரத்தடியில் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

“மூணு மாசம் கெடுன்னு சொல்லியிருந்தேனே...”

“ஆமாங்கையா.”

“அது இனிமே இல்ல.”

எனக்குப் புரியவில்லை. “எது ஐயா?”

“கெடுதாம்மா. கெடு இல்ல. நீ பாட்டுக்கு வந்துக்கினு இரு. வெளியூர் கடுதாசியெல்லாம் இனிமே நீதான் எழுதணும், ஒரு டைப் மிஷினுக்குச் சொல்லியிருக்கறேன். உள்ள வெச்சு ‘இல்ல’ன்னு சொல்லக் கூடாதேன்னுதான் கூட்டிக்கினு வந்தேன். இன்னா அப்படி முழிக்கிறே? போ, போயி மடிக்கிற வேலையப் பாரு.”

நான் திரும்பினால், மூன்றாவது படியில் ஏகாம்பரமும் ரங்கய்யாவும் புடவையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தார். கடைக் கதைகளையெல்லாம் நான் இரவு சாப்பாட்டின்போது சொல்லி வந்திருந்தேன். நைனா கேட்பாரே தவிர ஒன்றும் சொல்ல மாட்டார். அன்று தரகர், “மூணு மாசம் ஆயிடுச்சு, இன்னா சொல்றீங்க?” என்று கேட்டதும், வழக்கமான ‘ஆவட்டும்’ வரும் என்று நான் காத்திருந்தேன். அம்மா நாடாவைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நைனா தறிக்குழியிலிருந்து மெல்ல ஏறினார். வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

“கொஞ்சம் தெருவுக்கு வாங்க” என்றார்.

அவர் வெளியே என்ன பேசினார் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. தரகர் குடையை விரித்துக்கொண்டு போவது மட்டும் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நைனா திரும்பி வந்து, மறுபடி குழியில் இறங்கி, “நாடாவப் போடு” என்று அம்மாவிடம் சொன்னார்.

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. இன்றைக்குப் படித்து முடித்து ஆபீசுக்கும் கடைக்கும் வேலைக்குப் போகிற தங்கைகள் என்னைவிட நல்ல இங்கிலீஷோடு போகிறார்கள். குட், வுட், ஷுட், மைட் எல்லாம் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். மரியாதைக்கு அவை வேண்டும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரே இருப்பவர் கைப்பையைத் திறந்து குறிப்பேட்டை எடுத்தால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். அவர் உங்கள் சொல்லை நம்பி எழுதப் போகிறார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

எங்கள் கடைக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு இப்போது என் பதிலின் முதல் வரியிலேயே விஷயம் தெரிந்துவிடும். எது முடியும், எது முடியாது என்று பிரித்து எழுதிவிடுவேன். முதலாளிக்கு அதில் ஒரே ஒரு நிபந்தனை. ‘நோ’ வருகிற கடிதங்களை மட்டும் டைப் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் வைத்துத்தான் அடிக்க வேண்டும். ஏகாம்பரம் அண்ணா மிஷினைத் தூக்குவார், ரங்கய்யா ஸ்டூலைத் தூக்குவார். மழைக்காலத்தில் பதில் கொஞ்சம் தாமதமாகும்.